நாற்றுத்தட்டின் மண்: குளிர்நாடுகளில் முன்பருவ விதைப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குளிர்நாடுகளில் இளவேனில் பிறக்கும் முன்பே காய்கறி, மூலிகை, மலர் விதைகளை வீட்டினுள்ளும் கண்ணாடிக் கூரையின் கீழும் முளைக்கவைத்து, உறைபனி நீங்கிய பின்னர் நிலத்தில் நடுவது நெடுங்கால வழக்கமாகும். இவ்வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் வெப்பத்தையும் கண்ணாடியையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. விதை விழும் மண்ணை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை அணுகுகிறது இக்கட்டுரை. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் நிகழ்ந்த மண்கலவை ஆய்வே இதில் திருப்புமுனை என்பதும், அதன் தொடர்விளைவாகச் சதுப்புநிலக் கரிமண்ணும் தென்னைநார்க் கழிவும் உலக வணிகப் பொருள்களாயின என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாற்றங்கால், நாற்றழுகல், ஜான் இன்னஸ் கலவை, பீட், தென்னைநார்க் கழிவு

முன்னுரை

வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் தோட்ட வேளாண்மையின் நாட்காட்டி உறைபனியைக் கொண்டே வகுக்கப்படுகிறது. இளவேனிலில் கடைசி உறைபனி விழும் நாள் எதுவெனக் கணித்து, அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறிப்பது அங்குள்ள தோட்டக்காரரின் வழக்கம். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம், மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டு முதல் பத்து வாரம், பெட்டூனியா போன்ற நுண்விதை மலர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதல் என்பது பொதுவான கணக்கு. வெளியே பனி உறைந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சாளரத்தின் ஓரத்தில் விதைத்தட்டு வைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

இவ்வாறு முன்கூட்டி விதைக்கப்படும் பயிர்களின் பிறப்பிடங்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சார்ந்தவை. கத்தரியும் திருநீற்றுப்பச்சையும் ஆசியாவின் வெப்பநிலங்களுக்கு உரியவை. துலுக்கச் சாமந்தியும் சின்னியாவும் மெக்சிகோவிலிருந்து சென்றவை. தமக்கு உரியதல்லாத தட்பவெப்பத்தில் இவை காய்க்கவும் பூக்கவும் வேண்டுமாயின், அந்நிலம் தராத இரண்டு மாதக் கோடையை யாரேனும் செயற்கையாகத் தர வேண்டும். இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விதைப்புமுறையின் அடிப்படை இதுவே. தமிழகத்திலும் இதே கத்தரியும் தக்காளியும் மிளகாயும் நாற்றங்காலில் வளர்க்கப்பட்டே நடப்படுகின்றன. ஆயினும் அங்கு அதன் நோக்கம் வேறு. நீரைச் சிக்கனப்படுத்துதல், களையைத் தவிர்த்தல், சிறு பரப்பில் இளம்பயிரைக் கண்காணித்தல் ஆகியவற்றுக்காகவே தமிழ் உழவர் நாற்று விடுகின்றனர். குளிரிலிருந்து காத்தல் என்னும் தேவை அவர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை.

தோட்டக்கலை வரலாற்று நூல்கள் இவ்வழக்கத்தைக் கண்ணாடி மாளிகைகளின் கதையாகவும், அரண்மனைத் தோட்டங்களின் ஆடம்பரமாகவும், பின்னர் மின்விளக்கின் வெற்றியாகவும் கூறிச் செல்கின்றன. அக்கதையில் பிழையில்லை, குறையுண்டு. வெப்பத்தை எவ்வாறு பெறுவது என்பதை மனிதர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். தட்டிலுள்ள மண்ணில் நாற்று ஏன் சாகிறது என்பதற்கு நம்பத்தக்க விடையும் செயல்முறையும் ஒருங்கே கிடைத்ததோ இருபதாம் நூற்றாண்டில்தான். அவ்விடை கிடைத்த பின் ‘மண் எங்கிருந்து வருகிறது?’ என்னும் கேள்வி தோட்டத்தின் வேலியைத் தாண்டிச் சென்றது.

இரவல் வெப்பம்

முன்பருவ விதைப்புக்கான மிகப் பழைய தெளிவான சான்று உரோமைப் பேரரசுக் காலத்தது. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் மன்னர் ஒருவகைக் காயை நாள்தோறும் விரும்பி உண்டார் என்றும், அதற்காகச் சக்கரங்கள் பூட்டிய பாத்திகள் வெயிலுக்கு நகர்த்தப்பட்டுக் குளிர்காலத்தில் ஒளி ஊடுருவும் கற்பலகைகளின்கீழ் வைக்கப்பட்டன என்றும் மூத்த பிளினி எழுதுகிறார். அவர் காலத்தவரான கொலுமெல்லா வேளாண்மை பற்றிய தம் நூலில் செய்முறையையே தருகிறார். எருவிட்ட மண் நிரப்பிய கூடைகளில் விதைத்து, வெயில் நாள்களில் வெளியே வைத்து, குளிரின்போது பலகையால் மூடி உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது அவர் கூறும் முறை. இலத்தீனில் ‘குக்குமிஸ்’ எனப்படும் அக்காய் மொழிபெயர்ப்புகளில் வெள்ளரி என்றே இடம்பெறுகிறது. ஆனால் அது இன்றைய வெள்ளரியன்று, பாம்புபோல் நீண்டு வளையும் முலாம் இனத்துக் காய் என்று அண்மைக்காலத் தாவர வரலாற்றாய்வாளர் வாதிடுகின்றனர். எக்காயாயினும், எரு, கூடை, ஒளிபுகும் மூடி ஆகிய மூன்றும் கொலுமெல்லாவின் கூடையிலேயே ஒருங்கு அமைந்துவிட்டன.

பின்வந்த நூற்றாண்டுகளில் இம்முறையின் உயிர்நாடியாக அமைந்தது குதிரை லத்தி. புதிய லத்தியையும் தொழுவத்து வைக்கோலையும் கலந்து குவித்தால், நுண்ணுயிர்களின் செயலால் குவியல் கொதிப்பேறும். முதல் வேகமும் அம்மோனியா நெடியும் தணியும்வரை அதைப் புரட்டிவிட்டு, பின்னர் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மிதித்து அடுக்கி, மேலே அரையடி அளவுக்கு மண் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தால் மூடுவர். மண்ணின் சூடு கைபொறுக்கும் அளவுக்கு இறங்கியதும் விதைப்பர். அதன்பின் பல வாரங்கள் அந்தச் சூடு நீடிக்கும். ஜான் ஈவ்லின் 1664இல் வெளியிட்ட தோட்ட நாட்காட்டி ஆண்டின் தொடக்க மாதப் பணிகளில் இத்தகைய சூட்டுப்பாத்திகளைப் பேசுகிறது. செல்சி மூலிகைத் தோட்டத்தின் தலைவராயிருந்த பிலிப் மில்லர் 1731இல் வெளியிட்ட அகராதியில் லத்திக்கு மாற்றாகத் தோல் பதனிடுவோர் கழித்துப்போடும் மரப்பட்டைத் தூளையும் குறிப்பிடுகிறார். அது மெதுவாகவும் சீராகவும் சூடு தரும். பெர்னார்டு மக்மஹோன் 1806இல் பிலடெல்பியாவில் வெளியிட்ட அமெரிக்கத் தோட்ட நாட்காட்டி வழியாக இதே முறை புதிய கண்டத்தின் தோட்டங்களுக்கும் பாடமாயிற்று.

இக்கலை உச்சம் தொட்ட இடம் பாரிசு நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரைச் சூழ்ந்திருந்த சந்தைத் தோட்டக்காரர்கள் இலட்சக்கணக்கான மணிவடிவக் கண்ணாடிகளையும் சட்டங்களையும் கொண்டு குளிர்காலம் முழுதும் கீரையும் முள்ளங்கியும் முலாம்பழ நாற்றும் வளர்த்தனர். மொரோ, தவேர்ன் என்னும் இரு தோட்டக்காரர்கள் எழுதி 1845இல் வெளிவந்த கையேடு இம்முறையை மாதவாரியாகப் பதிவு செய்துள்ளது. நகரின் வண்டிக் குதிரைகள் நாள்தோறும் கழித்த லத்தி காலையில் தோட்டத்துக்குச் செல்ல, தோட்டத்தின் விளைச்சல் அதே வண்டியில் சந்தைக்கு வந்தது. நகரமும் தோட்டமும் ஒன்றையொன்று உண்டு வாழ்ந்த ஏற்பாடு இது.

இத்தோட்டக்காரர்களைப் பற்றி உருசியச் சிந்தனையாளர் குரோப்போத்கின் 1899இல் நூலாக வந்த தம் ஆய்வில் தரும் ஒரு செய்தி இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. பாரிசுத் தோட்டக்காரர் குத்தகை முடிந்து வெளியேறும்போது, குறிப்பிட்ட ஆழம் வரையுள்ள மண்ணைத் தம்முடன் அள்ளிச் செல்லும் உரிமையைக் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டனர். ஆண்டுதோறும் மக்கிய சூட்டுப்பாத்திகளிலிருந்து தாமே உண்டாக்கிய மண் அது. ஆகவே நிலம் உடையவருக்கு அதில் உரிமையில்லை. மண் என்பது இயற்கை தந்த இடம் என்னும் நிலையிலிருந்து, உழைப்பால் செய்யப்பட்டுப் பெயர்த்தெடுத்துச் செல்லத்தக்க பொருள் என்னும் நிலைக்கு இங்கே மாறிவிட்டது. கண்ணாடிக் கூரைகளைக் கண்டு வியந்தவர்கள் பெரும்பாலும் கவனியாது விட்ட மாற்றம் இது.

பிரித்தானியாவில் 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டதும் கண்ணாடி மலிந்தது. கொதிநீர்க் குழாய்கள் பரவின. மோட்டார் வண்டிகள் பெருகியதும் நகரங்களில் குதிரை குறைந்து, லத்தி கிடைப்பது அரிதாயிற்று. மண்ணுக்கடியில் பதிக்கும் மின்வடம் அவ்விடத்தைப் பிடித்தது; 1938இல் விற்பனைக்கு வந்த குழல்விளக்கு, பின்னர் வீட்டு அடித்தளத்தையும் நாற்றங்காலாக்கியது. வெப்பத்தையும் ஒளியையும் பொறுத்தவரை எஞ்சியவை செலவுக் கணக்குகளே.

மண்ணின் மறைபொருள்

லத்தி போனதால் நேர்ந்த இழப்பு வெப்பத்தோடு முடியவில்லை. பழைய சூட்டுப்பாத்தி தன் ஆயுள் முடிந்ததும் மக்கி, அடுத்த ஆண்டின் நாற்றுமண்ணாக மாறியது. அவ்வட்டம் அறுந்ததும் தோட்டக்காரர் நாற்றுமண்ணுக்கான பொருள்களைத் தனித்தனியே தேட வேண்டியிருந்தது.

விக்டோரியா காலத்துப் பெருந்தோட்டங்களில் மண்கலவை தலைமைத் தோட்டக்காரரின் மறைபொருளாக இருந்தது. மேய்ச்சல் நிலத்தின் புற்கரணையை வெட்டிக் கவிழ்த்து அடுக்கி மக்கவைத்த இருமண்பாட்டு மண், இலைமக்கு, பருமணல், பழைய எரு, செங்கல் தூள், புகைக்கரி, மரக்கரி என அதன் உறுப்புகள் விரிந்தன. ஒவ்வொரு செடிக்கும் ஒரு தனிக்கலவை உண்டென்றும், அதை அறிய நெடுங்காலம் தொழில் பயில வேண்டும் என்றும் நம்பப்பட்டது. இந்நம்பிக்கையை மூடத்தனம் என ஒதுக்குவது நேர்மையாகாது. நல்ல தோட்டக்காரரின் கை மண்ணின் ஈரத்தையும் இறுக்கத்தையும் அறிந்த கையே. ஆயினும் அந்த அறிவால் ஒரு சிக்கலுக்குத் தீர்வு தர இயலவில்லை.

அச்சிக்கல் நாற்றழுகல் நோய். முளைத்து இரண்டு இலை விட்ட நாற்று, மண்மட்டத்தில் தண்டு சுருங்கி நீர்கோத்துச் சாய்ந்துவிடும். தட்டின் ஒரு மூலையில் தொடங்கினால் இரண்டே நாளில் வட்டமாகப் பரவித் தட்டை வெறுமையாக்கும். நெரிசலான விதைப்பு, மிகுந்த ஈரம், தேங்கிய காற்று ஆகியவை இதைத் தூண்டுகின்றன என்பதைத் தோட்டக்காரர் அறிந்திருந்தனர். ஆனால் தூண்டுபவற்றையே காரணமாகக் கொண்டனர். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெஸ்ஸே 1874இல் பித்தியம் என்னும் பூஞ்சைபோன்ற நுண்ணுயிரியை நோய்க்காரணியாக விவரித்தார். நோய் மண்ணிலேயே குடியிருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. எருவும் இலைமக்கும் நிறைந்த, தலைமுறைகளாகப் போற்றப்பட்ட கலவைகளே அதன் வளமான இருப்பிடமாக அமையக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் கசப்பான முடிவு. இலண்டனுக்கு வடக்கேயுள்ள செசண்டு ஆய்வு நிலையத்தில் பியூலி என்பார் 1921இல் மயில்துத்தமும் அம்மோனியம் கார்பனேட்டும் கலந்த ஒரு மருந்தை அறிமுகப்படுத்தினார். நாற்றுத்தட்டில் அதைக் கரைத்து ஊற்றுவது வழக்கமாயிற்று. அதுவும் நோயைத் தடுக்கவே உதவியது. மண்ணின் புதிர் அவிழாமலே இருந்தது.

மெர்ட்டனில் நிகழ்ந்தது

ஜான் இன்னஸ் என்னும் வணிகர் 1904இல் மறைந்தபோது விட்டுச்சென்ற அறக்கொடையைக் கொண்டு, இலண்டனை அடுத்த மெர்ட்டனில் 1910இல் ஒரு தோட்டக்கலை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வில்லியம் பேட்சன், மரபியல் துறைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1905இல் சூட்டியவர். ஆகவே தோட்டக்கலை என்னும் பெயரைத் தாங்கியிருந்தும், நிறுவனத்தின் உயிர் மரபியலில் இருந்தது. பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்த ஹால்டேன் 1927 முதல் பத்தாண்டுகள் அங்குப் பகுதிநேரப் பணியாற்றினார். சீன முதல்மலர் எனத்தக்க பிரிமுலா சைனென்சிஸ் என்னும் தொட்டிச்செடியின் மரபுப் பிணைப்புகளைப் பற்றி அவரும் டொரதியா டி வின்டனும் இணைந்து எழுதிய ஆய்வு 1935இல் வெளிவந்தது.

இச்செடியின் நாற்றுகளே 1930களில் மெர்ட்டனின் கண்ணாடிக்கூடத்தில் பெருமளவில் மடிந்தன. சந்தைத் தோட்டக்காரருக்கு நாற்றுச்சாவு பண இழப்பு மட்டுமே. மறுபடி விதைத்தால் இழப்பை ஓரளவு ஈடுகட்டலாம். மரபியலாருக்கு அது அறிவின் இழப்பு. ஒரு கலப்பிலிருந்து பிறந்த நாற்றுகளை எண்ணி, இப்பண்பு மூன்று பங்கு, அப்பண்பு ஒரு பங்கு என விகிதம் காண்பதே அவர்தம் முறை. நாற்றுகளில் பாதி மடிந்தால் எண்ணிக்கை குறையும். ஒரு பண்புடைய நாற்றுகள் மற்றவற்றைவிட எளிதில் மடிந்தாலோ விகிதமே பொய்யாகிவிடும். எந்தத் தட்டிலும் எல்லா நாற்றும் ஒரே சீராகப் பிழைக்க வேண்டும் என்னும் கட்டாயம் பெருந்தோட்டங்களுக்கு ஒருபோதும் நேர்ந்ததில்லை, மெர்ட்டனுக்கு நேர்ந்தது. நாற்றுமண் ஆய்வு தோட்டத்தில் பிறக்காமல் மரபியல் நிறுவனத்தில் பிறந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்பணியை ஏற்றவர் வில்லியம் லாரன்ஸ். 1913இல் அந்நிறுவனத்தில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் அவர். உடன் பணியாற்றியவர் ஜான் நியூவெல். மண்ணை நீராவியால் சூடாக்கி நோய்க்கிருமிகளை அழிக்கலாம் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனால் அவ்வாறு சூடாக்கிய மண்ணில் நாற்றுகள் நோயின்றிப் பிழைத்தாலும் வளராமல் குன்றின. ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரசலும் ஹட்சின்சனும் 1909இல் வெளியிட்ட ஆய்வு இதன் வேதியியலை ஏற்கெனவே தொட்டிருந்தது. சூடாக்கிய மண்ணில் அம்மோனியாவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மீண்டெழுகின்றன. அதை நைட்ரேட்டாக மாற்றுபவை அழிந்துபோகின்றன. ஆகவே அம்மோனியா தேங்குகிறது. எருவும் இலைமக்கும் மிகுந்த கலவையைச் சூடாக்கினால் இக்கேடு பெருகும்.

லாரன்சும் நியூவெலும் பல ஆண்டுகள் நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகளின் முடிவுகள் 1939இல் ஒரு சிறு நூலாக வெளிவந்தன. முடிவுகள் வியப்பூட்டும் எளிமை உடையவை. மண்ணை மட்டுமே சூடாக்க வேண்டும். மற்றவற்றைப் பின்னர் கலக்க வேண்டும். எருவையும் இலைமக்கையும் விலக்கி, அவற்றின் இடத்தில் பீட்டைச் சேர்க்க வேண்டும். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் பாசி முதலான தாவரங்கள் முற்றும் மக்காது படிந்த கரிமண். அதில் சத்தும் குறைவு, பயிர்நோய்க் கிருமியும் குறைவு; ஆகவே சூடாக்காமலே சேர்க்கலாம். சூட்டினால் வரும் வளர்ச்சித் தடையைச் சூப்பர் பாஸ்பேட் நீக்கும். விதைப்புக் கலவையின் அளவு வருமாறு: இருமண்பாட்டு மண் இரண்டு பங்கு, பீட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு புஷலுக்கு, அதாவது ஏறத்தாழ 36 லிட்டருக்கு, ஒன்றரை அவுன்ஸ் சூப்பர் பாஸ்பேட்டும் முக்கால் அவுன்ஸ் சுண்ணாம்புத்தூளும். தொட்டிக் கலவையில் விகிதம் 7:3:2 ஆகிறது. அதனுடன் கொம்பு-குளம்புத் தூள், சூப்பர் பாஸ்பேட், பொட்டாசியம் சல்பேட் சேர்ந்த உரம் இடப்படும்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு கலவை என்னும் பழைய நம்பிக்கை இதனால் தகர்ந்தது. தக்காளிக்கும் பெட்டூனியாவுக்கும் பிரிமுலாவுக்கும் ஒரே விதைப்புக் கலவை போதும் என நிறுவப்பட்டது. தலைமைத் தோட்டக்காரரின் மறைபொருள் எவரும் கையாளத்தக்க வாய்பாடாயிற்று. நிறுவனம் அதற்குக் காப்புரிமை கோரவில்லை; தானே கலவை செய்து விற்கவுமில்லை. வாய்பாட்டை வெளியிட்டுவிட்டு, யாரும் பயன்படுத்தலாம் என விட்டுவிட்டது. உடனே போர் மூண்டது. வீட்டுத் தோட்டத்திலும் பொதுப் பூங்காவிலும் காய்கறி பயிரிடுமாறு பிரித்தானிய அரசு மக்களை ஊக்கிய ஆண்டுகளில் இவ்வாய்பாடு நாடெங்கும் பரவியது. ஓர் அறக்கொடையாளரின் பெயர் மண்ணின் பெயராக நிலைபெற்றது.

போர்க்காலத்தில் இந்நிறுவனத்தில் பணியாற்றியவருள் ஒருவர் இ. கே. ஜானகி அம்மாள். 1897இல் சென்னை மாகாணத்துத் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆய்ந்தவர் அவர். 1940 முதல் 1945 வரை ஜான் இன்னஸ் நிறுவனத்தில் குரோமோசோம் ஆய்வாளராக இருந்தார். டார்லிங்டனுடன் இணைந்து அவர் தொகுத்த பயிர்த்தாவரக் குரோமோசோம் தொகுப்பு 1945இல் வெளிவந்தது. கரும்பின் பூங்கதிரில் கிடைக்கும் விதை பஞ்சிழைபோல் நுண்ணியது. அதை முளைக்கவைத்துக் கலப்பின நாற்றுகளைக் காப்பது கோயம்புத்தூரின் அன்றாடப் பணி. ஒரு நாற்றின் இழப்பு ஆய்வாளருக்கு எத்தகையது என்பதைக் கோவையிலேயே அறிந்து மெர்ட்டனுக்குச் சென்றவர் அவர் எனக் கருதலாம்.

மண்ணற்ற மண்

ஜான் இன்னஸ் வாய்பாட்டின் வலிமை அதன் முதல் உறுப்பாகிய மண்ணில் இருந்தது. வலுவின்மையும் அங்கேயே இருந்தது. புற்கரணையை வெட்டி அடுக்கிப் பல மாதங்கள் மக்கவைத்த நல்ல மண், போருக்குப் பிந்திய தேவைக்கேற்பக் கிடைக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தின் மேல்தோலை உரித்தால் அந்நிலம் மீள நெடுங்காலம் ஆகும். மண்ணுக்கு மண் தன்மை மாறுபட்டதால், பையின்மேல் ஒரே பெயர் இருந்தும் உள்ளிருப்பது ஒன்றாக இல்லை. நீராவிக் கொதிகலனும் கனமான மண்ணைச் சுமக்கும் ஆட்கூலியும் வேறு.

இதற்கு அமெரிக்கா கண்ட தீர்வு மண்ணையே விலக்குவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கென்னத் பேக்கர் பதிப்பித்து 1957இல் வெளிவந்த கையேடு நுண்மணலையும் பீட்டையும் கொண்ட கலவைகளை வகுத்தது. 1960களின் தொடக்கத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பூட்லியும் செல்டிரேக்கும் பீட்டுடன் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் கலந்த இலேசான கலவைகளை அறிமுகப்படுத்தினர். சூடாக்கிப் பொரிக்கப்பட்ட கனிமங்களாதலால் அவை கிருமியற்றவை. எடையும் மிகக் குறைவு. பல்பொருள் அங்காடியில் வாங்கிக் கையில் எடுத்துச் செல்லத்தக்க நாற்றுமண் பை இவ்வாறு பிறந்தது. வீட்டுச் சாளரத்தில் விதைப்பவருக்கு இது பெருங்கொடை. மெர்ட்டனில் கால்பங்காக நுழைந்த பீட், ஒரு தலைமுறைக்குள் அரைப்பங்காகவும் அதற்கு மேலும் வளர்ந்துவிட்டது.

பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே படிகிறது. ஒரு விதைத்தட்டின் ஆழத்துக்கு அது படிய அரை நூற்றாண்டு ஆகும்; அதில் வளரும் தக்காளி நாற்றோ எட்டு வாரத்தில் தட்டை விட்டுப் போய்விடும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே பரவியுள்ள பீட்நிலங்கள், மண்ணில் அடங்கிய கரிமத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தாங்கியுள்ளன என மதிப்பிடப்படுகிறது. வெட்டுவதற்காக நீரை வடித்தவுடன் அக்கரிமம் காற்றில் கரியமில வாயுவாகக் கலக்கத் தொடங்கும்.

அந்நிலங்கள் வரலாற்றுப் பெட்டகங்களும் ஆகும். இங்கிலாந்தின் சாமர்செட் தாழ்நிலத்தில் 1970இல் பீட் வெட்டும் பணியிலிருந்த ரே சுவீட் என்பவர் சேற்றுக்கடியில் ஒரு மரப்பலகையைக் கண்டெடுத்தார். சதுப்பைக் கடக்கப் புதிய கற்கால மக்கள் அமைத்த நடைபாதையின் பகுதி அது. மரவளையக் கணிப்பின்படி அப்பாதையின் மரங்கள் கி.மு. 3807-3806ஐ ஒட்டி வெட்டப்பட்டவை. காற்றுப் புகாத பீட்டே அம்மரத்தை ஏறத்தாழ 5,800 ஆண்டுகள் காத்தது. அந்தப் பாதை வெட்டுபவரின் கண்ணில் பட்டது. கண்ணில் படாமல் பைகளில் ஏறியவை எத்தனையோ.

பிரித்தானியச் சூழலியல் அமைப்புகள் 1990இல் பீட்டுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கின. வீட்டுத் தோட்டங்களில் 2020க்குள் பீட் பயன்பாட்டைத் தன்விருப்பின்பேரில் நிறுத்துவது என அரசு 2011இல் வகுத்த இலக்கு எட்டப்படவில்லை. பீட்டின் இடத்தை எது நிரப்பும் என்னும் கேள்விக்கு மரநாரும் மரப்பட்டையும் பசுமைக்கழிவு மக்கும் விடைகளாக முன்வைக்கப்பட்டன. ஆயினும் நுண்விதைக்கு ஏற்ற மென்மையும் நீர்ப்பிடிப்பும் ஒருங்கே கொண்டதாகத் தோட்டக்காரர் பலர் ஏற்றது தென்னைநார்க் கழிவு.

மட்டைத்தூளின் இரு பயணங்கள்

தமிழகத்தில் தென்னைநார்க் கழிவு என்றும் இலங்கையில் தும்புச்சோறு என்றும் வழங்கும் இப்பொருள் ஆங்கிலேயத் தோட்டங்களுக்குப் புதியதன்று. விக்டோரியா காலத்திலேயே, மிதியடியும் தூரிகையும் செய்ய மட்டையிலிருந்து நார் பிரித்த ஆலைகளின் கழிவு மூட்டைகளில் விற்கப்பட்டது. தோட்டக்கலை இதழ்களில் விளம்பரமும் பெற்றது. சூட்டுப்பாத்தியில் தொட்டிகளைப் புதைத்து வைக்கவும், பதியன்களை வேர்பிடிக்கச் செய்யவும் அது பயன்பட்டது. பீட் மலிந்தபோது அது மறக்கப்பட்டது. 1990களில் ‘புதிய மாற்று’ என்னும் பெயருடன் அது திரும்பி வந்ததை நோக்கும்போது, தோட்டக்கலைக்கும் மறதிநோய் உண்டு என்றே தோன்றுகிறது.

முதல் பயணத்துக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது ஐரோப்பிய ஆலையின் கழிவு. பின்னது பொள்ளாச்சி, கேரளம், இலங்கை ஆகிய பகுதிகளிலிருந்து கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறும் ஏற்றுமதிப் பொருள். ஒரு கிலோ நார் பிரித்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ தூள் எஞ்சும். நார் ஆலைகளின் பின்புறம் குன்றுகளாகக் குவிந்து, மழையில் கருஞ்சாறு வடித்து, கோடையில் தீப்பற்றிப் புகைந்துகொண்டிருந்த தூளுக்கு விலை கிடைத்தது தென்னை உழவர்க்கும் ஆலையினர்க்கும் நன்மையே. 5 கிலோ கட்டி ஒன்று நீரில் ஊறி 60 லிட்டருக்கு மேல் விரியும் தன்மை அதைக் கடல்கடந்து அனுப்பத் தகுதியாக்கியது.

ஆனால் மட்டைத்தூள் அப்படியே நாற்றுமண் ஆகாது. மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் மிகுதி. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையாயின் உப்பு இன்னும் கூடும். அதைப் பலமுறை நன்னீரில் அலச வேண்டும். அலசியும் போகாது துகளில் பற்றி நிற்கும் சோடியத்தை வெளியேற்றக் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஊறவைத்து மீண்டும் அலசுவர். ஐரோப்பிய வாங்குநர் பையின்மேல் ‘உப்பு நீக்கப்பட்டது’ எனக் காணும் சொல்லுக்குப் பின்னால் இத்தனை நீர் இருக்கிறது. அந்நீர் எடுக்கப்படுவதும் உப்புடனும் மட்டையின் கறையுடனும் விடப்படுவதும் கிணற்றுநீரை நம்பிய நிலத்தில். பீட்டைத் தவிர்ப்பதால் வடபுலச் சதுப்பு பிழைக்கிறது. அதன் விலையில் ஒரு பகுதி தென்புலத்து நிலத்தடி நீரில் எழுதப்படுகிறது என்பதை இலண்டனின் தோட்டக்கலை விவாதங்கள் அரிதாகவே கணக்கில் கொள்கின்றன.

தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தூளை உள்ளூரிலேயே உரமாக்கும் முறை ஒன்றைப் பரிந்துரைக்கிறது. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைப்பது அம்முறை. காளான் மரப்பொருளைச் சிதைக்க, தூள் கறுத்து எருவாகிறது. குழித்தட்டு நாற்றங்கால்கள் பெருகியபின் ஓசூர், ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறிப் பகுதிகளிலும் மட்டைத்தூளுக்குத் தேவை கூடியுள்ளது. நிழல்வலைக் குடிலுக்குள் 98 குழிகள் கொண்ட தட்டு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1.2 கிலோ தூள் நிரப்பி, குழிக்கு ஒரு விதை வீதம் இட்டு, 25 நாளில் தக்காளி நாற்றை எடுத்து விற்கின்றனர். வயலின் மூலையில் மேட்டுப்பாத்தி அமைத்துத் தம் மண்ணிலேயே நாற்று விட்ட உழவர், இன்று நாற்றை அதன் தூள்கட்டியோடு விலைக்கு வாங்குகிறார். வீரிய விதையின் விலை ஏறியதும், நாற்றழுகலுக்கு ஒரு நாற்றைக்கூட இழக்க இயலாத நிலை வந்ததுமே இம்மாற்றத்துக்கு முதன்மைக் காரணங்கள். லாரன்சையும் நியூவெலையும் மெர்ட்டனில் நெருக்கிய அதே கணக்கு இது.

இங்கிலாந்தின் கடைகளில் ஜான் இன்னஸ் என்னும் பெயர் தாங்கிய மண்பைகள் இன்றும் விற்கப்படுகின்றன. அவற்றுள் பீட் இல்லாதவை எனக் குறிக்கப்பட்ட சிலவற்றில், 1939ஆம் ஆண்டு வாய்பாட்டின் பீட் பங்கை நிரப்புவது மட்டைத்தூள்.